‘லேட் ஆயிடுச்சு’ – யார் ஆக்கினது?



‘காலம் பொன் போன்றது’ என்று ஆறாம் வகுப்பிலிருந்து கட்டுரை எழுதிக்கொண்டே இருக்கிறோம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நடுவில் ரெண்டு பழமொழி. பத்துக்கு எட்டு மார்க் நிச்சயம். நானும் அதையே திரும்ப எழுதப் போறேன்னு நினைச்சு பக்கத்து சார்ட்டில் இருக்கிற ஜோக்குக்கு நகர்ந்துடாதீங்க. நான் எழுதப் போவது பொன்னைப் பற்றி இல்லை, ஆயிரம் ரூபாயைப் பற்றி. எங்க அம்மாவோட ஆயிரம் ரூபாய்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேண்டுகோள். இது கொஞ்சம் நீளமான கட்டுரை. எழுத்து நல்லா இருக்கிற என் தோழி ஒருத்தி ரெண்டு நாள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். இன்டர்வெல் பத்து நிமிஷம்தான். முன்னாடி நிற்கிறவங்க படிச்சு முடிச்சதும் பின்னாடி நிற்கிறவங்களுக்கு வழி விடுங்க. (கட்டுரையே இதைப் பற்றித்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்!)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஆகஸ்ட் மாசத்தில் ஒரு சனிக்கிழமை. என் தம்பி கபடி ஆடி விழுந்து இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டு மாவுக்கட்டு போட்டிருந்தான். அதைப் பிரிக்கிறதுக்குக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லி ஒரு ஆஸ்பத்திரியில் அப்பாயின்மென்ட் கொடுத்திருந்தார்கள். அப்பா லோடு வண்டி எடுத்துக்கொண்டு ஓசூர் போயிருந்தார். ஆயாவுக்கு முட்டிவலி. அதனால் அம்மா, நான், தம்பி மூணு பேரும் ஒன்பதே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். டோக்கன் நம்பர் 7.

அம்மாவுக்கு அன்று செகண்ட் ஷிஃப்ட். இரண்டு மணிக்குக் கம்பெனிக்குள் இருக்க வேண்டும். கம்பெனி பஸ் ஹைவேஸ் ஸ்டாப்புக்கு 1.15-க்கு வரும். பத்து மணி அப்பாயின்மென்ட், ஏழாவது ஆள், பதினோரு மணிக்கு முடிஞ்சிடும், வீட்டுக்குப் போய் ரசம் வச்சுட்டுக் கிளம்பலாம் என்பது அம்மாவின் கணக்கு. கணக்கில் அம்மா கெட்டி. ஆனா அந்தக் கணக்கில் டாக்டரைச் சேர்க்கவில்லை.

பத்தரைக்குக் கேட்டோம், “வந்துட்டே இருக்காரு” என்றார்கள். பதினொன்றே காலுக்கும் “வந்துட்டே இருக்காரு”. பன்னிரண்டுக்கும் அதே. எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று தம்பி கேட்டான். பெங்களூரிலிருந்து நடந்து வந்தால்கூட ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியிருக்கலாம்னு பக்கத்தில் இருந்த தாத்தா சொன்னார். எல்லாரும் சிரித்தோம், அம்மாவைத் தவிர. அம்மா செல்போனில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாங்க.

டாக்டர் வந்தது 12.20-க்கு. வந்ததும் முதலில் உள்ளே போனது டோக்கன் நம்பர் 1 இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர், வெளியே நின்று ஸ்பீக்கரில் போன் பேசிக்கொண்டிருந்தவர், “சார்கிட்ட சொல்லிட்டேன்” என்று நேரா உள்ளே போய்விட்டார். அவர் பின்னாடியே இன்னொரு குடும்பம். உட்கார்ந்திருந்த முப்பது பேரில் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கலை. அம்மா எழுந்துபோய் “ஷிஃப்ட்டுக்கு போகணும்மா, கொஞ்சம் சீக்கிரம் விடுங்க” என்று கெஞ்சினாங்க. நியாயமா கிடைக்க வேண்டியதைக் கெஞ்சி வாங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

12.40-க்குக் கூப்பிட்டார்கள். கட்டைப் பிரித்து, கையை மடக்கிப் பார்த்து, மாத்திரை எழுதி, பில் போட்டு வெளியே வரும்போது 1.20. பஸ் போய்விட்டது. கம்பெனி பஸ் ஐந்து நிமிஷம்கூட நிற்காது. ஷேர் ஆட்டோ மாறி மாறி அம்மா கேட்டுக்குப் போனபோது மெஷினில் 2.20 காட்டியதாம்.

நம்ம ஊரில் பாதிப் பேர் வீட்டில் யாராவது கம்பெனிக்குப் போகிறவர்கள்தான், அதனால் அட்டென்டன்ஸ் போனஸ் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. தெரியாத ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். மாதம் முழுக்க லீவும் இல்லாமல் லேட்டும் இல்லாமல் வந்தால் சம்பளத்தோடு தனியாக ஒரு தொகை சேர்த்துத் தருவார்கள். அம்மா வேலை பார்க்கும் இடத்தில் ஆயிரம் ரூபாய். அம்மா சீட்டுக் கட்டுவது அந்தக் காசில். ஆகஸ்ட் மாசம் அது போச்சு.

அன்று ராத்திரி நான் ரஃப் நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். அம்மா 20 நிமிஷம் லேட், அபராதம் 1,000 ரூபாய். டாக்டர் பத்து மணிக்கு வர வேண்டியவர், நாங்கள் உள்ளே போனது 12.40. 160 நிமிஷம். அம்மாவுக்குப் போட்ட அதே ரேட்டில் போட்டால் 8,000 ரூபாய் வருகிறது! அவருக்கு ஆன அபராதம் எவ்வளவு? பூஜ்யம். போதாததற்கு கன்சல்டிங் ஃபீஸை நாங்கள்தான் கட்டிவிட்டு வந்தோம்.

டாக்டர் பக்கம் நியாயம் இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும். அவசர ஆபரேஷனாக இருந்திருக்கலாம், ரோட்டில் அடிபட்டவர் யாரையாவது பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். இந்த ரோட்டில் அது அதிசயமே இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். ‘டாக்டர் 12 மணிக்குத்தான் வருவார்’ என்று பத்து மணிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? அம்மா கூட வேலை பார்க்கிறவங்களிடம் போனில் பேசி ஷிஃப்ட் மாற்றியிருப்பாங்க. இல்லை, என்னையும் தம்பியையும் விட்டுவிட்டுக் கிளம்பியிருப்பாங்க. லேட்டாவது மனுஷன் செய்கிற காரியம். அதைச் சொல்லாமல் ‘வந்துட்டே இருக்காரு’ என்று மூணு தடவை சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மாவுக்குக் கோபம் வந்ததா என்றால், டாக்டர் மேல் வரவில்லை. “அவரு பெரிய டாக்டரு. ஆயிரம் வேல இருக்கும். இன்னா பண்றது?” என்று விட்டுட்டாங்க. ஆனால் மறுநாள் காய்கறி வண்டிக்காரர் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததற்கு அவரைப் பிடித்துத் திட்டினாங்க பாருங்க, தெருவே எட்டிப் பார்த்தது! எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நாம் எல்லாருமே இப்படித்தான். நமக்கு மேலே இருப்பவர் காக்க வைத்தால் ‘பிஸி’ என்கிறோம். கீழே இருப்பவர் காக்க வைத்தால் ‘சோம்பேறி’ என்கிறோம். கோபம் தண்ணி மாதிரி, பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும்.

நம்ம ஊரில் இதைப் பற்றிப் பேசினால் உடனே யாராவது ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொல்வார்: “இது தமிழ்நாடும்மா, பத்து மணின்னா பன்னெண்டுன்னு அர்த்தம். நம்ம ரத்தத்துலயே நேரம் கிடையாது.” இதை மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். ரத்தத்தில் இல்லையாம்! விடியற்காலை ஐந்து மணிக்குச் சுங்குவார்சத்திரம் கூட்ரோட்டில் வந்து நின்று பாருங்கள். வாலாஜாபாத் ரோட்டிலும் திருவள்ளூர் ரோட்டிலும் டிபன் பாக்ஸும் கழுத்தில் ஐ.டி. கார்டுமாக அக்காமார்கள் வரிசையாக நிற்பார்கள். பஸ் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னாடியே நிற்பார்கள். கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்களும் அதில் உண்டு. ஒருத்தர்கூட லேட் இல்லை. இவர்களும் தமிழர்கள்தானே? இவங்களுக்கு மட்டும் வேற ரத்தமா?

இன்னும் கேளுங்கள். பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டை நமக்குத் தமிழ்ப் பாடத்தில் கொஞ்சம் வைத்திருக்கிறார்கள். நம் பாடத்தில் வராத பகுதியில் அரசனின் போர்ப் பாசறை வருகிறது. அங்கே நாழிகைக் கணக்கர் என்று சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வேலையே தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து நேரத்தை அளந்து அரசனிடம் போய் ‘இத்தனை நாழிகை ஆயிற்று’ என்று சொல்வதுதான். ஒரு நாழிகை என்பது 24 நிமிஷம். நப்பூதனார் காலத்திலேயே சண்டைக்கு நடுவில்கூட நேரம் பார்த்தவர்கள் நாம். நம்மிடம் நேரம் இல்லாமல் இல்லை. லேட்டானால் யார் கையிலிருந்து காசு போகிறதோ அவர்கள் சரியான நேரத்துக்கு வருகிறார்கள், போகாதவர்கள் வருவதில்லை. என் வாதம் அவ்வளவுதான்.

இது என் கற்பனை இல்லை என்பதற்குச் சில உண்மைச் சம்பவங்கள்.

2016 ஜூன் மாசம் ஒருத்தர் குடும்பத்தோடு அஜ்மீர் – ஜம்மு எக்ஸ்பிரஸில் போனார். காலை எட்டு மணி சுமாருக்கு ஜம்மு போக வேண்டிய ரயில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் லேட். மதியம் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு ஏற வேண்டிய விமானம் போய்விட்டது. டாக்ஸி பிடித்து மலை ஏறிப் போனார்கள். நாமாக இருந்தால் ‘ரயில்னா அப்படித்தான்’ என்று விட்டிருப்போம். அவர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார். ரயில்வே விடாமல் அப்பீல் மேல் அப்பீல் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ரயில் ஏன் தாமதமானது என்று ரயில்வே காரணம் காட்டி நிரூபிக்க வேண்டும், முடியாவிட்டால் நஷ்டஈடு தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஐந்து வருஷம் ஆனது என்பது வேறு விஷயம். (தாமதத்துக்கு நியாயம் கிடைக்கவே தாமதம்!)

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம ரோட்டையே எடுத்துக்குங்க. மதுரவாயல் – வாலாஜாபேட்டை தேசிய நெடுஞ்சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தபோது, 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நெமிலி, சென்னசமுத்திரம் ரெண்டு சுங்கச்சாவடியிலும் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எங்க அப்பா அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வண்டியிலேயே வைத்துக்கொண்டார். ‘பாதி ரோடு, பாதிக் காசு’ன்னு ஒரு மாசம் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு இருந்தார். ஜட்ஜையா நம்ம ரோட்டில் ஒரு தடவை லோடு வண்டி ஓட்டியிருப்பாரோ என்று அவருக்குச் சந்தேகம்.

மத்தியப் பிரதேசத்தில் 2010-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். இன்ன சான்றிதழ் இத்தனை நாளில் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். காரணம் இல்லாமல் தாமதித்தால் அந்த அதிகாரி ஒரு நாளுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 5,000 வரை, சொந்தப் பணத்திலிருந்து அபராதம் கட்ட வேண்டும். இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டம் அதுதான். சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் லேட்டுக்கு விலை உண்டு, அதைக் காத்திருந்தவர் கட்ட வேண்டாம், காக்க வைத்தவர் கட்டட்டும் என்று யாரோ ஒருத்தர் யோசித்திருக்கிறார்கள் அல்லவா? அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜப்பான் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2017 நவம்பரில் டோக்கியோ பக்கம் ஒரு ரயில் 20 விநாடி சீக்கிரமாகக் கிளம்பிவிட்டது. லேட் இல்லை, சீக்கிரம்! அதுக்கு அந்தக் கம்பெனி மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. அங்கே ரயில் லேட்டானால் ரயில்வேக்காரர்களே ஒரு சீட்டுத் தருவார்களாம். ‘இன்று எங்கள் ரயில் இத்தனை நிமிஷம் தாமதம்’ என்று அதில் இருக்கும். அதைப் பள்ளிக்கூடத்திலோ ஆபீஸிலோ கொடுத்தால் போதும். தப்பு யாருடையதோ அவர் கையெழுத்தோடு வருகிறது.

நம்ம ஊரில்? பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நூறு அடி தள்ளி நிறுத்துவார்கள். பையோடு ஓடிப் போவதற்குள் ரெண்டு விசில். போயே போச்சு. இலவச பாஸ் வைத்திருக்கும் நாம், 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போகிற நம்ம அம்மாக்கள், இவர்கள் நிற்கும் ஸ்டாப் என்றாலே சில டிரைவர்களுக்குப் பிரேக் பிடிக்காது போல. எல்லாரையும் சொல்லவில்லை. காலையில் ஒரு கண்டக்டர் அண்ணன், பாட்டிகள் ஏறி உட்காரும் வரை விசில் அடிக்கவே மாட்டார். ஆனால் பஸ் நிற்காமல் போன நாளில் ப்ரேயர் முடிந்து வந்து கேட்டுக்கு வெளியே நிற்பது யார்? நாம்தான். பஸ் லேட், நிற்பது நாம். மறுபடியும் அதே கணக்கு!

இந்த இடத்தில் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது.

2021 டிசம்பர். நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். ஃபாக்ஸ்கான் கம்பெனியில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட இருந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல், செத்துப்போய்விட்டார்கள் என்று வதந்தி வேறு பரவி, 17-ஆம் தேதி ராத்திரி அந்த அக்காக்கள் சென்னை – பெங்களூர் ஹைவேயில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் வரை போராட்டம் நீடித்தது. வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன.

எங்க அப்பா வண்டி அந்த வரிசையில் நின்றது. பூராவும் தக்காளி லோடு. மறுநாள் வீட்டுக்கு வந்தவர், “பப்ளிக்க இப்படிக் காக்க வைக்கலாமா? இதுங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு வேணாம்?” என்று கத்தினார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. தக்காளி பேசாது, அழுகும். அந்த வரிசையில் ஒரு ஆம்புலன்ஸ் மாட்டியிருந்தால் என்ன ஆவது என்றும் எனக்குத் தோன்றுகிறது. ரோட்டை மறிப்பது சரி என்று சொல்ல நான் வரவில்லை.

அம்மா அப்போது ஒன்று சொன்னாங்க. “நீ ஒரு ராத்திரி ரோட்டுல நின்ன. கூடப் படுத்திருந்த பொண்ணு இருக்குதா போச்சுதான்னு தெரியாம அதுங்க எத்தினி ராத்திரி நின்னுச்சோ.” அப்பா பதில் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் மறுபடி திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒத்துக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற மாதிரி சிப்காட் பெரிய விடுதி கட்டித் திறந்தார்கள். அங்கே வண்டி போகும்போது அப்பா இப்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைக் காட்டுவார். வேறு எதுவும் சொல்லமாட்டார். நான் யோசிப்பது இதுதான். மேலே இருப்பவர் நம்மைக் காக்க வைக்க ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். கீழே இருப்பவர் ‘நாங்கள் காத்திருக்கிறோம்’ என்று காட்ட ரோட்டில் வந்து உட்கார வேண்டியிருக்கிறது. அதிலும் மாட்டிக்கொள்வது யார்? எங்க அப்பா மாதிரி இன்னொரு ஆள்தான்.

இதுவரை படித்ததும் ‘ஆமா ஆமா, டாக்டர் மோசம், டிரைவர் மோசம்’ என்று தலையாட்டியிருப்பீர்கள். இப்போது நம்ம கதைக்கு வருவோம். இனிமேல்தான் சிலருக்குக் கோபம் வரும்!

காலை ஏழேகால் பஸ். நைட் ஷிஃப்ட் முடித்த அக்காக்கள் சிலர் கம்பெனி பஸ்ஸில் இறங்கி, அதில் மாறித்தான் ஊருக்குப் போகிறார்கள். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்த களைப்பு. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்ததும் தூங்கிவிடுவார்கள். பஸ் குலுங்கும்போது தலை இடிக்கும், அப்பவும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த பஸ்ஸில் நம்ம பள்ளி மாணவர்கள் சிலர் (பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும்) செல்போனை ஸ்பீக்கரில் போட்டு குத்துப்பாட்டு வைக்கிறார்கள். போன வாரம் ஒரு அக்கா கண்ணைத் திறந்து, “தம்பி, ராத்திரி பூரா நின்னுட்டு வரேன்டா, கொஞ்சம் கொறச்சு வையேன்” என்றாங்க. அவன் என்ன செய்தான் தெரியுமா? சத்தத்தைக் கூட்டினான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் துப்பட்டாவைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மறுபடி சாய்ந்துவிட்டாங்க. சிரித்தவர்களில் ஒருத்தனோட அக்காவும் நைட் ஷிஃப்ட்டுக்குத்தான் போகிறாள். அது அவனுக்கும் தெரியும்.

பஸ் நிற்பதற்கு முன்னாடி ஜன்னல் வழியாக ஸ்கூல் பையை எறிந்து சீட் பிடிப்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஏனென்றால் அதை நானும் செய்கிறேன். முழங்காலில் என் பை வந்து விழுந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் ‘அண்ணா, ஒரே ஒரு காப்பி’ என்று வரிசைக்கு நடுவில் கையை நீட்டுவதும் நாம்தான். ஒரே ஒரு காப்பி பத்து பேர் கேட்டால் பத்து காப்பி ஆகிறது, பின்னாடி நிற்பவர் நின்றுகொண்டே இருக்கிறார். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் செய்ததும் இதேதான், அவர் கொஞ்சம் பெரிய சைஸில் செய்தார்.

பெரிய தப்பு ஒன்றை இங்கே ஒத்துக்கொள்கிறேன். என் தோழி ஒருத்தியிடம் பயாலஜி ரெக்கார்ட் நோட்டு வாங்கியிருந்தேன். மறுநாள் அவள் சப்மிட் பண்ண வேண்டும். “ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லு, கொண்டு வந்து தரேன்” என்றேன். வீட்டில் ஏதோ சீரியல், அப்புறம் தலை வாரிக்கொண்டு, அப்புறம் ஆயாவுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் போனது ஏழே கால். அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். அவள் ஊருக்குப் போகிற டவுன் பஸ் போய்விட்டது. அடுத்தது எட்டரைக்கு. இருட்டில் தனியாக நின்ற அவளை ரெண்டு பேர் பைக்கில் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். அவள் அழவில்லை. நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

நான் சொன்னேன், “சாரிடி, லேட் ஆயிடுச்சு.”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “ஆயிடுச்சா? யாரு ஆக்குனது?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. அவளைக் கேட்டுத்தான் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். ‘லேட் ஆயிடுச்சு’ என்ற வாக்கியத்தில் எழுவாயைக் காணோம் பாருங்க! மழை வந்துடுச்சு, பொழுது போயிடுச்சு என்கிற மாதிரி, லேட் என்பது வானத்திலிருந்து தானாக விழுந்துவிட்டது போல ஒரு வாக்கியம். ‘நான் லேட் பண்ணிட்டேன்’ என்று நம்மில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் உள்ளே வரும்போது பொதுவாக எல்லாரையும் பார்த்து “கொஞ்சம் லேட் ஆயிடுச்சு” என்றார். நான் என் தோழியிடம் சொன்ன அதே வார்த்தை. அவருக்கு எட்டாயிரம் ரூபாய் அபராதம் போட்டேனே, எனக்கு எவ்வளவு போடுவது? எட்டரை மணி பஸ் வரும் வரை அவளோடு நின்றேன். அது அபராதத்தில் சேருமா என்று தெரியவில்லை. வீட்டில் அவளுக்கு விழுந்த திட்டை நான் வாங்கிக்கொள்ள முடியவில்லையே.

இப்போது சில கோரிக்கைகள். அதிகம் இல்லை, பயப்படாதீர்கள்.

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு: பஸ் நிற்காமல் போன நாளில் லேட்டாக வருகிறவர்களை, அதே பஸ்ஸை நம்பி வருகிற ஆசிரியர் யாராவது ஒருத்தரிடம் விசாரித்துவிட்டு உள்ளே விடலாமே, சார். ஜப்பான் சீட்டுதான் இல்லை, சாட்சி இருக்கிறதே. எந்த பஸ், எந்த ஸ்டாப், எத்தனை மணி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் மாசக் கடைசியில் அதைக் காப்பி எடுத்து டெப்போவுக்கு அனுப்பலாம். எழுதுகிற வேலையை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும்.

ஏழேகால் பஸ் நண்பர்களுக்கு: பாட்டுக் கேளுங்கள். ஹெட்செட்டில் கேளுங்கள். ஹெட்செட் இல்லாதவர்கள் சொன்னால் வகுப்பில் வசூல் பண்ணித் தருகிறேன், நிஜமாகவே.

அப்புறம் இன்னொன்று. வருகிற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். நோட்டீஸில் காலை பத்து மணி என்று போட்டிருக்கிறது. போன தடவை சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்து பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் அம்மாக்கள் சிலர் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பிப் போனதை நான் பார்த்தேன். அவர்கள் டீச்சரிடம் கேட்க வைத்திருந்த கேள்வியை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை விருந்தினர் வரும்போது வரட்டும், கூட்டத்தைப் பத்து மணிக்கு ஆரம்பித்துவிடலாமா, சார்?

எங்க அம்மாவுக்கு அன்று செகண்ட் ஷிஃப்ட். பஸ் 1.15-க்கு. அம்மா 9.50-க்கே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாங்க.

– பதினோராம் வகுப்பு மாணவி